வேண்டாம் என்று சொன்ன சுழற்பந்து வீச்சாளன்

பெரிய ஒருநாள் போட்டித் தொடர் ஏதாவது நெருங்கினால், தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் வழக்கமான சண்டைகள் எல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒத்திவைக்கப்படும். தண்ணீர் வராதது, லிஃப்ட் நின்றுபோனது, தெருநாய்க்கு யார் ரொட்டி போடுகிறார்கள் என்பது எல்லாம் அந்தரத்தில் நிற்க, அந்த இடத்தில் புதிய சண்டை ஒன்று வந்து உட்காரும். அணியில் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களா, நான்கு வேகப்பந்து வீச்சாளர்களா?

"இந்த பிட்ச்ல ஸ்பின்னர் எதுக்கு?" என்று இரண்டாம் மாடி கேட்கும்.

"நீங்க மொதல்ல என் பார்க்கிங்லேர்ந்து உங்க ஸ்கூட்டர எடுங்க" என்று ஐந்தாம் மாடி பதில் சொல்லும்.

நான் வாய் திறப்பதில்லை. அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் அந்தக் கேள்வியில் பாதியாக நானே இருந்திருக்கிறேன். சுழலா, வேகமா என்று ஓர் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். சுழல் என்றால் அந்த அறையில் நான்தான். ஒரு கேள்விக்குள் இருந்து வெளியே வந்தவனுக்கு அதன் பதிலைப் பற்றித் தெளிவான கருத்து இருக்க முடியாது.

பத்துப் பன்னிரண்டு குளிர்காலங்களுக்கு முந்தைய கதை. தில்லித் தமிழர்களுக்குள் நடக்கும் ஒரு கிரிக்கெட் தொடர். பேட்டைக்கு ஓர் அணி. ஒவ்வோர் ஆட்டமும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிட வேண்டும். நடுவில் சாம்பார் சாதமும் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் அணிக்கு இருபத்தைந்து ஓவர். மைதானம் எங்கள் பக்கம்தான், யமுனை ஓரத்தில். மண் தரைமேல் கயிற்றுப்பாய் விரித்து நான்கு பக்கமும் ஆணி அடித்தால் அது பிட்ச். மூடுபனிக் காலையில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. பந்து போய் விழுந்த திசையில் நாய் குரைத்தால் நாலு ரன் என்று நடுவர் கையை ஆட்டிவிடுவார். யாரும் ஆட்சேபித்ததாக நினைவில்லை.

எனக்கு அப்போது வயது நாற்பத்து நாலு. பாளையங்கோட்டையில் கல்லூரி அணிக்கு ஆஃப் ஸ்பின் போட்டவன். பிறகு மத்திய அரசு வேலை, தில்லி, கோப்புகள், தொப்பை என்று வரிசையாக வந்து சேர்ந்தன. என் பந்து மெதுவாகப் போகும். எவ்வளவு மெதுவாக என்றால், கையை விட்டுப் போன பிறகு எனக்கு மனம் மாறினால் பின்னாலேயே போய் எடுத்து வந்துவிடலாம். ஆனால் திரும்பும். அந்த நாளில் திரும்பியது என்பதற்கு நான் ஒருவனே சாட்சி.

அந்தச் சாட்சியத்தைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டு வருபவள் என் மனைவி. நாகர்கோவில்காரி. இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகள் வலியைப் பற்றிச் சொல்வதை எப்படி முகம் மாறாமல் கேட்பாளோ, அப்படியே என் பந்துவீச்சையும் பதினாறு வருஷமாகக் கேட்டிருந்தாள். கண்ணால் பார்த்ததில்லை. நாங்கள் கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் இருந்த காலத்தில், அந்தப் பேட்டை அணியில் சுழற்பந்து வீச்சு அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் பரம்பரைச் சொத்தாக இருந்தது. மயூர் விஹாருக்கு வந்து, இங்கே புதிதாக ஓர் அணி தொடங்கியபோதுதான் எனக்குக் கதவு லேசாகத் திறந்தது.

"ஞாயித்துக்கிழம நான் லீவு மாத்திட்டேன். ரெண்டு நைட் டூட்டி எடுத்துக்கிடுதேன்னு சொல்லி வாங்கியிருக்கேன். என்னதான் போடுதீங்கன்னு பாத்துருவோம்" என்றாள்.

பதினாறு வருஷப் பேச்சுக்கு ஆதாரம் காட்ட வேண்டிய ஞாயிறு அது. அதற்கு முதலில் நான் பதினொருவரில் ஒருவனாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை காப்டன் வீட்டில் கூட்டம். காப்டனுக்கு முப்பது வயதிருக்கும். கணினிக் கம்பெனியில் வேலை. பெற்றோர் சேலத்துக்காரர்கள், அவன் தில்லியிலேயே பிறந்தவன். தமிழ் அவனுக்குக் காதில் விழும், வாயில் நிற்காது. பத்துப் பேர் முடிவாகிவிட்டார்கள். பதினொன்றாவது ஆள்தான் பாக்கி. சுழல் என்றால் நான். வேகம் என்றால் காப்டனின் தம்பி. இருபத்து மூன்று வயது, அவனும் தில்லிப் பிறப்பு, ஓடிவரும்போது தரை அதிரும். கூட்டத்தில் போண்டா பரிமாறிக்கொண்டிருந்தவர் இருவருக்கும் தாயார். எனக்கு ஆதரவாக வாதாட இதைவிட மோசமான நீதிமன்றம் கிடைக்காது.

காப்டன் நியாயமாகவே பேசினான். "அங்கிள், டிசம்பர் மார்னிங். பூரா ஃபாக். மேட் ஈரமா இருக்கும். பால் வழுக்கும். ஸ்பின்னர் பிடிக்கவே முடியாது. ஃபாஸ்ட் போட்டா மூவ் ஆகும். சஹி ஹை நா?"

சரிதான். ஆனால் பதினொரு மணிக்குப் பனி விலகி வெயில் வந்துவிட்டால், காய்ந்த கயிற்றுப்பாய் போலப் பந்தைக் கடித்துத் திருப்பும் தரை வேறு கிடையாது. அதுவும் சரிதான். இதை என் சார்பில் எடுத்துச் சொன்னவர் எங்கள் தொடக்க ஆட்டக்காரர். கும்பகோணத்துக்காரர், தணிக்கைத் துறை அதிகாரி, என் வயது.

"பனி பாதி நாள், வெயில் பாதி நாள். ரெண்டு பக்கமும் சம பலம். ஆகவே ஃபைல் சுத்தி வந்து மறுபடி நம்ம மேஜைக்கே வந்துடுத்து ஓய்" என்று அவர் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நான் பேச வேண்டிய கட்டம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"எனக்கென்னப்பா. நான் வேண்டாம். வயசாச்சு. சின்னப் பசங்க விளையாடட்டும்."

இதை ஒரு தமிழ்ப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் புரிந்துகொள்வார்கள். இலைமேல் குறுக்கே கையை நீட்டி, "போதும் போதும்" என்று பதறுவோம். பரிமாறுகிறவர் விரல் இடுக்கு வழியாக இன்னும் இரண்டு கரண்டி போட வேண்டும். அதுதான் முறை. நான் வேண்டாம் என்பேன். அவர்கள் "அதெப்படி" என்பார்கள். மறுபடி வேண்டாம் என்பேன். "நீங்க இல்லாம டீமா" என்பார்கள். மூன்றாவது தடவை, இவ்வளவு பேர் வற்புறுத்தும்போது என்ன செய்வது என்கிற முகத்தோடு நான் ஒப்புக்கொள்வேன். அந்த முகத்தைக்கூட வீட்டில் ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

தணிக்கை அதிகாரி முறை தெரிந்தவர். "அதெ..." என்று ஆரம்பித்தார். ஆனால் முழுப் போண்டா ஒன்று அப்போதுதான் அவர் வாய்க்குள் போயிருந்தது. சூடான போண்டா.

"அச்சா?" என்றான் காப்டன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "தேங்க்யூ அங்கிள். நான் எப்படி சொல்றதுன்னு டென்ஷன்ல இருந்தேன். ரொம்ப ஸ்போர்ட்டிங்." எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். தம்பி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். தாயார் என் தட்டில் இரண்டு போண்டா அதிகமாக வைத்தார். கையை நீட்டித் தடுக்கக்கூடத் தோன்றவில்லை.

தணிக்கை அதிகாரி ஒருவழியாக விழுங்கி முடித்து என்னைப் பார்த்தபோது, அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. போண்டாச் சூடு என்றுதான் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டாவது ஆளாக இருக்கிறேன் என்று சொன்னேன். மனைவி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னண்டாவது ஆளுன்னா?"

"தண்ணி கொண்டுபோகணும்."

"அதுக்கா நான் ரெண்டு நைட் டூட்டி வாங்கியிருக்கேன்?" தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இல்ல, ஆருக்காவது காலு கையி ஒடிஞ்சா உங்களுக்குக் கிடைக்குமா?"

இதை ஒரு நர்ஸ் கேட்கும்போது அதில் ஒரு நம்பிக்கையின் தொனி இருந்தது.

ஞாயிறன்று முனிர்கா அணியோடு ஆட்டம். முனிர்காவின் ஒற்றை அறைகளில் நாலு பேராகத் தங்கி, பரீட்சைக்குப் படித்துக்கொண்டோ வேலை தேடிக்கொண்டோ இருக்கும் பையன்கள். வாரத்தில் அவர்களுக்கு நிச்சயமான ஒரே முழுச் சாப்பாடு இந்த ஆட்டத்தின் சாம்பார் சாதம்தான் என்று பேச்சு. அந்தப் பசியோடுதான் மட்டையும் வீசுவார்கள்.

டாஸில் தோற்றோம். முனிர்கா காப்டன் ஒரு கணமும் யோசிக்காமல், "பௌலிங்" என்றான். தம்பிக்கென்று நாங்கள் கணக்குப் போட்டு வைத்திருந்த பனி, ஈரம், காற்று அனைத்தும் ஒரு வார்த்தையில் எதிரணிக்குப் போய்விட்டன. நாங்கள் காலை முழுவதும் தடவித் தடவி நூற்றுச் சொச்சம் எடுத்தோம். சாப்பாடு முடிந்து நாங்கள் பந்து வீசப் போனபோது வானம் கழுவிவிட்டது போல இருந்தது. வெயிலில் பாய் காய்ந்து, கயிறு சிலிர்த்துக்கொண்டு நின்றது. அப்படி ஒரு சுழற்பந்துத் தரையை நான் பாளையங்கோட்டையில்கூடப் பார்த்ததில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே, இரண்டு கையிலும் தண்ணீர்ப் பாட்டில்களோடு நின்று அதைப் பார்த்தேன்.

தணிக்கை அதிகாரி உள்ளே போகும்போது குனிந்து பாயைத் தடவினார். என் பக்கம் திரும்பி, தலையை மட்டும் ஆட்டினார். துக்க வீட்டு வாசலில் ஆட்டுவது போல.

தண்ணீர் இடைவேளையில் மட்டையோடு நின்ற முனிர்காப் பையன் ஒருவன், நெற்றியில் முடி விழுந்தவன், என் பேச்சைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தான். "அண்ணாச்சிக்கு எந்தூரு?"

"பாளையங்கோட்டை. அங்க காலேஜ்ல ஸ்பின் போட்டவன்."

"அப்டிப் போடுங்க! நமக்கு ஸ்ரீவைகுண்டம்லா." பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துவிட்டுச் சொன்னான். "பெறவு ஏன் அண்ணாச்சி வெளிய நிக்கிய? தண்ணிய மட்டும் நல்லா சுத்தி சுத்திக் கொண்டாறிய."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எங்கள் அணிக்காரர்களும்தான்.

கடைசி மூன்று ஓவர் இருக்கும்போது தணிக்கை அதிகாரிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டு அவர் வெளியே வர, மாற்று ஆளாக நான் உள்ளே ஓடினேன். எல்லைக்கோட்டுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்வெட்டரும் சால்வையுமாக உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து நின்று கை தட்டினாள். ஒருவருக்குக் கால் போய்விட்டது, இனி என் முறை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. மாற்று ஆள் ஓடலாம், பிடிக்கலாம், எறியலாம்; பந்து மட்டும் வீசக் கூடாது என்ற விதியை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவள் தூரத்திலிருந்து கையைச் சுழற்றி, 'போடுங்க' என்று சைகை காட்டினாள். நான் கையை விரித்து இல்லை என்றேன். அவள் மணிக்கட்டைத் திருப்பி 'ஏன்?' என்றாள். நான் நடுவரைச் சுட்டினேன். அவள் நடுவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி நகர்ந்து நின்றார். "சார், உங்க வீட்டம்மாவுக்கு ரூல சொல்லுங்க சார்" என்றார் என்னிடம்.

கடைசி ஓவர் வந்தது. முனிர்காவுக்கு ஏழு ரன் வேண்டும். கையில் இருப்பது ஒரே விக்கெட். மட்டை பிடிப்பவன் ஸ்ரீவைகுண்டம். பந்து தம்பி கையில். முதல் பந்தை அவன் வேகமாகப் போட, அது வந்ததைவிட வேகமாக எல்லைக்குப் போனது. நாய் குரைத்தது. இன்னும் மூன்று ரன்.

எனக்குப் பதைபதைத்துவிட்டது. காய்ந்த பாயில், பழைய பந்தில் வேகம் போடப் போட அது மட்டைக்கு வாகாக வந்து நிற்கும். இந்த நேரத்தில் மெதுவாக ஒரு பந்து போட்டால், அவன் முன்கூட்டியே வீசி ஆகாயத்தில் ஏற்றிவிடுவான். இதைத் தம்பிக்குச் சொல்ல வேண்டும். நான் இருபது வருஷமாகத் தில்லியில் எல்லோருக்கும் புரிகிற ஒரு பொதுத் தமிழ் பேசிப் பழகியவன். அலுவலகத்தில் ஒரு தமிழ், ஆட்டோவில் ஒரு இந்தி என்று எல்லாம் பிரித்து வைத்திருப்பவன். சாதாரண நேரமாக இருந்தால், "மெதுவா போடு" என்று சொல்லியிருப்பேன். ஆனால் பதற்றத்தில் வாயிலிருந்து ஊர்தான் வந்தது.

"பைய! பைய போடு! பைய!"

எங்கள் பக்கத்தில் பைய என்றால் மெல்ல. நிறைந்த குழம்புச் சட்டியைத் தூக்கி வருகிறவரிடம், "பைய வா" என்போம். சென்னைப் பக்கத்துத் தமிழர்களுக்கே அது புரிவதில்லை. தம்பியோ தில்லியில் பிறந்தவன். பையா என்றால் இந்தியில் அண்ணன்; அவனுக்குக் காய்கறிக்காரர் பையா, ஆட்டோக்காரர் பையா, கூடப் பிறந்தவனும் பையா. அந்த மைதானத்தில் அவன் காதில் விழுந்தது இதுதான்: "பையா! பையா, போடு! பையா!"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தலையை ஆட்டினான். வழக்கமான இடத்தைத் தாண்டி, இன்னும் பத்தடி பின்னால் போய் நின்று திரும்பினான். இவன் ஏன் பின்னால் போகிறான்?

மறுமுனையில் ஸ்ரீவைகுண்டம் மட்டையைத் தளர்த்திப் பிடித்து, காலைப் பரப்பி, லேசாகச் சிரித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் கேட்டுவிட்டது. அவனுக்குச் சரியாகவே கேட்டுவிட்டது.

தம்பி தன் ஆயுளில் போட்ட மிக வேகமான பந்து அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்ரீவைகுண்டம் மெதுவாக வரப்போகும் ஒரு பந்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தான். அவன் காத்திருக்கும்போதே நடு ஸ்டம்ப் பின்னால் போய் விழுந்தது. அன்று அந்த மைதானத்தில் என் தமிழைப் பிழையில்லாமல் புரிந்துகொண்டவன் ஒருவன்தான். அவன் அவுட்.

எல்லோரும் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆட, ஸ்ரீவைகுண்டம் நேராக என்னிடம் வந்தான்.

"என்ன அண்ணாச்சி, இப்டிப் பண்ணிட்டிய? நம்மூருக்காரருன்னு நம்பில்லா நின்னேன். பையன்னு சொன்னிய, குண்டுல்லா வருது!"

"நான் அவன்கிட்ட சொன்னேன்டே."

"அவன்ட்ட சொன்னதுன்னா அவனுக்குப் புரியுத பாஷைல சொல்லணும். எனக்குப் புரியுத பாஷைல ஏன் சொல்லுதிய?"

இதற்குள் காப்டன் ஓடிவந்து அவன் சொல்வதைக் கேட்டுவிட்டான். அவனுக்குத் தணிக்கை அதிகாரி பைய என்றால் என்ன என்று விளக்க, அவன் கண் விரிந்தது. "அங்கிள்! அவனுக்கு ஸ்லோன்னு சொல்லி ஏமாத்திட்டு, இவனுக்கு ஜோஷ் குடுத்தீங்களா? ஒரே வேர்டுல? க்யா திமாக் ஹை! என்ன மூளை!"

மறுத்துப் பேச வாய் எடுத்தேன். முந்தைய நாள் மறுத்துப் பேசி என்ன ஆயிற்று என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி வியர்வையோடு வந்து கட்டிக்கொண்டான். "அங்கிள், நீங்க என்னை எப்பவும் பேட்டான்னு குழந்தை மாதிரிதான் கூப்பிடுவீங்க. இன்னிக்கு பையான்னு கூப்பிட்டீங்க. ரொம்ப குஷி அங்கிள், தில் கார்டன் கார்டன் ஆயிடுச்சு."

ஈ-ரிக்‌ஷாவில் வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி கேட்டாள். "இஞ்ச பாருங்க, நீங்க பையன்னுதான சொன்னீங்க? அவன் ஏன் ராக்கெட்டு உட்டான்?"

"அவன் பையான்னு நினைச்சுக்கிட்டான்."

அவளுக்குப் புரிய ஒரு தெரு ஆயிற்று. பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. எங்கள் கேட் வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். "பை..." என்று தொடங்குவாள், சிரிப்பில் முடிக்க முடியாது. மறுபடி, "பை..." வண்டி எங்கள் கேட்டைத் தாண்டி, அடுத்த குடியிருப்பின் கேட்டையும் தாண்டிப் போனது. இரண்டு கேட் தூரம் நடந்து வந்தோம். கண்ணைச் சால்வையால் துடைத்துக்கொண்டு, திடீரென்று சாதாரணக் குரலில் கேட்டாள்.

"அப்ப நீங்க எப்பதான் போடுவீங்க? அடுத்த ஞாயிறு எனக்கு மாத்திக் கிடைக்காது."

அந்த மைதானத்தைச் சுற்றி இப்போது பச்சைக் கம்பிவேலி. உள்ளே நடைபாதை, உடற்பயிற்சிக் கம்பிகள், உட்காரக் கூடாது என்று எழுதிய புல்வெளி. காப்டன் கனடாவில் இருக்கிறான், தம்பி பெங்களூரில். தணிக்கை அதிகாரி விருப்ப ஓய்வு பெற்று ஸ்ரீரங்கம் போய்விட்டார். மாலை நடை போகும்போது, கயிற்றுப்பாய் விரித்திருந்த இடம் ஏறக்குறைய எது என்று பார்ப்பேன். அங்கே ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்க்கிறவர்களிடம், நீங்கள் ஆஃப் ஸ்டம்புக்குக் கொஞ்சம் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சொல்லத் தோன்றும். சொல்வதில்லை.

முனிர்காவை ஜெயித்த அடுத்த வாரம், அரையிறுதிக்கு முந்தைய சனிக்கிழமை மறுபடி கூட்டம், மறுபடி போண்டா. சுழலா வேகமா என்ற பேச்சே எழவில்லை. வேகம் ஜெயித்துவிட்டதே. எனக்கு வேறு பதவி தயாராக இருந்தது.

"அங்கிள், நீங்க வெளியதான் இருக்கணும்" என்றான் காப்டன். "டீமோட பிரெய்ன். உள்ள வந்தா வேஸ்ட். வெளிய இருந்து டமில்ல ஏதாவது கத்துங்க. ஓகே நா?"

"பேஷா ஒரு போஸ்ட் சாங்ஷன் பண்ணிடலாம்" என்றார் தணிக்கை அதிகாரி.

நல்ல சந்தர்ப்பம். கௌரவமான பதவி, யாரும் என் பந்துவீச்சைச் சோதிக்கப் போவதில்லை. பாளையங்கோட்டைக் கதைகள் இன்னும் இருபது வருஷத்துக்குப் பத்திரமாக இருக்கும். நான் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு விளையாடணும்" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாகிவிட்டது. பந்தியில் எழுந்து நின்று, "இன்னொரு வடை" என்று கத்தியது போல. போதாக்குறைக்கு, "பந்து போடணும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

காப்டன் குழம்பிப்போய்ப் பார்த்தான். "அப்ப போன வாரம் ஏன் வேண்டாம் சொன்னீங்க?"

தணிக்கை அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். டிசம்பரில் அது ஓடவில்லை. நான் இலை, கை, விரல் இடுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப, வேணும்னா வேண்டாம்னு சொல்லணும்."

"ஆமா."

"நெஜமா வேண்டாம்னா?"

"அப்பவும் வேண்டாம்னுதான் சொல்லணும்."

"பிர் கைஸே பத்தா சலேகா? எப்படித் தெரியும்?"

"முகத்தப் பாத்து."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உண்மையான அக்கறையோடு பார்த்தான். "அங்கிள், உங்க முகம் எப்பவுமே இப்படித்தானே இருக்குது?"

தணிக்கை அதிகாரிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, மூச்சு வந்ததும் சொன்னார். "எனக்குக் கால் இன்னும் விடலை. நான் உக்காந்துக்கறேன். இவர் ஆடட்டும்."

என் வாய் தானாகவே, "அதெப்படி..." என்று தொடங்கியது.

"நீர் சும்மா இரும்" என்றார்.

சும்மா இருந்தேன். அவர் சொன்னது நிஜமான வேண்டாமா, முறைக்குச் சொன்ன வேண்டாமா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. அவர் முகமும் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, தில்லியில் பிறந்தவனைப் போல, சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன்.

அரையிறுதியில் தோற்றோம். நான் நான்கு ஓவர் போட்டேன். அதைப் பற்றி விவரமாக எழுதுவது, பந்தைத் தேடி யமுனைப் பக்கம் இறங்கிப் போன இரண்டு ஃபீல்டர்களுக்குச் செய்யும் துரோகம். விக்கெட் இல்லை. ஆனால் மூன்றாவது ஓவரில் ஒரு பந்து, ஆஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே விழுந்து, கயிற்றில் கடிபட்டு, உள்ளே திரும்பி, மட்டைக்கும் கால்காப்புக்கும் நடுவே புகுந்து, லெக் ஸ்டம்பை ஒரு மயிரிழையில் தவறவிட்டு, கீப்பரையும் ஏமாற்றிக்கொண்டு எல்லைக்குப் போய்விட்டது. நடுவர் நாலு ரன் கொடுத்தார். எல்லைக்கோட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருந்தன.

சாயங்காலம் அவள் டூட்டி முடிந்து வந்தாள். வெள்ளை உடுப்பின் மேல் ஸ்வெட்டர், காலில் இன்னும் ஆஸ்பத்திரி ஷூ.

"போட்டீங்களா?"

"போட்டேன்."

"எத்தன விக்கெட்டு?"

"விக்கெட் இல்ல. ஆனா ஒரு பந்து திரும்பிச்சு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எப்படித் திரும்பிச்சு?"

சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் ஸ்டம்புகளாக வைத்தேன். கூடையிலிருந்து ஒரு கின்னு ஆரஞ்சை எடுத்து, விரலை அதன் மேல் பரப்பி, எப்படிப் பிடித்தேன், எங்கே விழுந்தது, எப்படி உள்ளே வந்தது, கீப்பரை எப்படி ஏமாற்றியது என்று காட்டினேன். அவள் முகம் மாறாமல் பார்த்தாள்.

"இன்னொருக்கா காட்டுங்க."

காட்டினேன். உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே சுழற்றிவிட்டேன் போலிருக்கிறது. கின்னு உப்பு ஜாடியைத் தாண்டி, ஊறுகாயை உரசிக்கொண்டு, மேஜை விளிம்பிலிருந்து கீழே போயிற்று. அவள் எழுந்திருக்காமல், இடது கையை மட்டும் நீட்டிப் பிடித்தாள். பிடித்ததை அப்படியே உரித்து, பாதியை என்னிடம் கொடுத்தாள். ஒரு சுளையை வாயில் போட்டு, கொட்டையை உள்ளங்கையில் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கீப்பருக்குக் கண்ணு எங்க இருந்துச்சாம்?"